பேட்டரியும் எச்சரிக்கை விளக்கும்: மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

திருமயம், அரிமளம், நமணசமுத்திரம் பக்கத்திலிருந்து டிஎன்பிஎஸ்சி மோட்டார் வாகன ஆய்வாளர் (நிலை 2) தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்காகத் தொகுத்தவை இவை. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவர்கள்கூட மின்சாரப் பகுதியை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் தடுமாறுகிறார்கள். எண்ணோடு காரணத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

ஊர், நிறுவனம், ஆண்டு

• பேட்டரி ஆராய்ச்சியில் நாட்டின் முதன்மை நிறுவனம் நம் ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது: காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ‘சிக்ரி’. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் ஒன்று. அடிக்கல் நாட்டியவர் ஜவஹர்லால் நேரு, 1948 ஜூலை 25. திறந்து வைத்தவர் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் எஸ். ராதாகிருஷ்ணன், 1953 ஜனவரி 14. இந்த இரண்டையும் மாற்றி வைத்துக் கேட்பது பழைய பழக்கம்.

• நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். உலோக அரிமானமும் சிக்ரியின் ஆய்வுத் துறைதான். அதற்காகக் கடலோரத்தில், மண்டபத்தில், ஓர் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறார்கள். கார் பேட்டரி டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பச்சைப் பொடியும் அரிமானம்தான்.

• ஈய அமில பேட்டரி: காஸ்டன் பிளான்டே, 1859. பசை பூசிய தகடு: கமில் ஃபோர், 1881. காரில் மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர்: சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்தது, 1912இல் கேடிலாக் காரில் வந்தது. லித்தியம் அயனி பேட்டரிக்கு வேதியியல் நோபல்: 2019, குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ.

பேட்டரிக்குள்

• பேட்டரி மின்சாரத்தைச் சேமிப்பதில்லை, வேதி ஆற்றலைச் சேமிக்கிறது. சரியா, தவறா வகைக் கேள்வியில் அடிக்கடி வரும்.

• நேர் தகடு ஈய டை ஆக்சைடு, சாக்லேட் பழுப்பு நிறம். எதிர் தகடு பஞ்சு ஈயம், சாம்பல் நிறம். சார்ஜ் இறங்கும்போது இரண்டும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்க்கிறது. ஒவ்வொரு செல்லிலும் எதிர் தகடு நேர் தகட்டைவிட ஒன்று அதிகம். கடையில் “எத்தனை பிளேட்?” என்று கேட்கிறார்களே, 11 பிளேட் என்றால் 6 எதிர், 5 நேர்.

• அமிலத்தின் அடர்த்தி எண் முழு சார்ஜில் 1.260 முதல் 1.280 வரை. 1.200 அளவில் பாதி. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைந்தால் அந்த செல் கெட்டது.

• ஒரு செல் 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்து 12.6. நன்றாக சார்ஜ் ஏற்றிய பிறகும் மீட்டர் 10.5ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட். கழித்துப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

• குறைவது தண்ணீர். அதனால் ஊற்றவேண்டியதும் டிஸ்டில்ட் வாட்டர்தான், ஆசிட் அல்ல. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டைத் தின்றுவிடும்.

• பேட்டரியைக் குளிரைவிட வெயில்தான் சீக்கிரம் கொல்கிறது. வெப்பநிலை சுமார் 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினை வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை, வைகாசியில் புதுக்கோட்டைச் சீமையில் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டை நினைத்துப் பாருங்கள்.

மூன்று அளவு

எச்சரிக்கை விளக்கு ஒரு தகவல் மட்டுமே. எந்தப் பாகம் பழுது என்பதை அது சொல்வதில்லை. பேட்டரி படம் சிவப்பாக எரிந்ததும் பேட்டரியை மாற்றுவது நம் ஊரில் மிகச் சாதாரணம். அது பெரும்பாலும் வீண் செலவு, ஏனென்றால் அந்த விளக்கு சொல்வது ‘சார்ஜ் ஏறவில்லை’ என்பதைத்தான். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து வரிசையாக மூன்று அளவு எடுத்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

• முதல் அளவு, வண்டி சில மணி நேரம் ஓய்வில் நின்ற பிறகு. 12.6 முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். ஓடி வந்து அணைத்தவுடன் எடுத்தால் தகட்டின் மேற்பரப்பு மின்னேற்றம் ஏமாற்றும். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு எடுங்கள்.

• இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி இங்கே 8க்கு விழுந்தால் பேட்டரி திறன் இழந்துவிட்டது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது.

• மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது. 13.8 முதல் 14.5 வரை சரி. 13க்குக் கீழே என்றால் ஆல்டர்னேட்டர், பெல்ட் அல்லது இணைப்பு. 15க்கு மேலே என்றால் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்போது பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும், பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆகும்.

• சில புதிய கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்த, பேட்டரி நிறைந்ததும் ஈ.சி.யு.வே மின்னழுத்தத்தை 13க்கு அருகே இறக்கிவிடும். ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டபின் மறுபடி அளந்து பார்த்துவிட்டுத்தான் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்ல வேண்டும்.

• ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மும்முனை மாறுதிசை மின்சாரம். அதை நேர்த்திசையாக்குபவை 6 டயோடுகள். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனையில் பாருங்கள்: 0.5க்கு மேல் காட்டினால் டயோடு சந்தேகம். டயோடு கசிந்தால் நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரியும் இறங்கும்.

எர்த்: அதிகம் மறக்கப்படுவது

• ஏ.பி.எஸ்., பவர் ஸ்டீயரிங், ஏர்பேக் என்று நான்கைந்து விளக்கு ஒரே நேரத்தில் எரிந்தால் நான்கைந்து பாகம் ஒன்றாகக் கெடவில்லை. அவை அனைத்துக்கும் பொதுவானது மின்னழுத்தமும் எர்த்தும். தேர்வில் இந்தச் சூழல் வந்தால் முதல் விடை ‘பேட்டரி மின்னழுத்தம், எர்த் இணைப்பு சரிபார்த்தல்’. பட்டறையிலும் அதே.

• சோதிக்கும் முறை: மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எதிர்முனைத் தூணில் வையுங்கள். கிளாம்பில் வைக்கக்கூடாது, ஈயத் தூணிலேயே வைக்க வேண்டும். மற்றொன்றை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை பரவாயில்லை.

• கணக்கு: அந்த மீட்டர் 0.8 வோல்ட் காட்டுகிறது, ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். மின்தடை 0.8 ÷ 150 = 0.0053 ஓம். சாதாரண ஓம் மீட்டருக்கு இது தெரியவே தெரியாது, ‘கம்பி நன்றாக இருக்கிறது’ என்று காட்டிவிடும். ஆனால் அந்த இடத்தில் 0.8 × 150 = 120 வாட் வெப்பமாகிறது. கிளாம்பைத் தொட்டால் சுடும். ஓம் மீட்டரை விட்டுவிட்டு மின்னழுத்த வீழ்ச்சியை ஏன் அளக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

• பழுது பெரும்பாலும் எர்த் கேபிள் பாடியில் போல்ட் ஆகும் இடத்தில், வாஷருக்கு அடியில் இருக்கும். கழற்றி, எமரித் தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, மறுபடி இறுக்கி, மேலே வாஸ்லின் பூச வேண்டும். டெர்மினல் பொடியை வெந்நீரும் சமையல் சோடாவும் கரைக்கும்.

செல்ஃப் எடுக்காதபோது காதும் ஒரு கருவி

• ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு ‘டக்’ என்றால் சொலினாய்டு தொடுமுனை அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார். சத்தமே இல்லை என்றால் இக்னிஷன் ஸ்விட்ச், ரிலே, கிளட்ச் ஸ்விட்ச் என்று போக வேண்டும். மோட்டார் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி எஞ்சின் சுற்றவில்லை என்றால் பினியன் கிளட்ச்.

விளக்கின் நிறமும் நடத்தையும்

• டேஷ்போர்டு குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 2575. சிவப்பு உடனடி ஆபத்து, மஞ்சள் விரைவில் கவனிக்க, பச்சை இயக்கத்தில் உள்ளது, நீலம் ஹை பீம்.

• சாவியை ‘ஆன்’ செய்ததும் பேட்டரி விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். பழைய முறையில் பேட்டரியிலிருந்து மின்சாரம் இந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு சுருளுக்குப் போகும். ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கியதும் பல்பின் இரு பக்கமும் சம மின்னழுத்தம், எனவே அணைகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக வரும்: மங்கலாக எரிந்தால் இரு பக்கமும் சிறு வித்தியாசம், டயோடு அல்லது இணைப்புப் பழுது, சாவி ‘ஆன்’ செய்தும் எரியாவிட்டால் பல்பு ஃபியூஸ், அதனாலேயே சார்ஜ் ஏறாமலும் போகலாம்.

• ஓடும்போது இந்தச் சிவப்பு பேட்டரி விளக்கு வந்தால்? பல கார்களில் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் ஒரே பெல்ட் ஓட்டுகிறது. விளக்கோடு வெப்பமானியும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது. அப்போது ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் உடனே நிறுத்த வேண்டும். வெப்பம் ஏறவில்லை என்றால் ஏ.சி., பாட்டு, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அருகில் உள்ள பட்டறைக்குப் போகலாம். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில், இரவில் ஹெட்லைட்டும் எரிபொருள் பம்பும் மற்றவையும் சேர்ந்து 20 ஆம்பியர் இழுத்தால், முழு சார்ஜ் இருந்தாலும் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. திருமயத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 536இல் பகலில் காரைக்குடி வரை போய்ச் சேரலாம். இரவில் இராமநாதபுரம் வரை போக நினைப்பது ஆபத்து, விளக்கு இல்லாமல் நடுச்சாலையில் நிற்க நேரும்.

• எஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0562 வந்தால் மின்னழுத்தம் குறைவு, பி0563 என்றால் அதிகம். ‘யு’வில் தொடங்குபவை கணினிகளுக்கு இடையிலான தொடர்புப் பழுது. மின்னழுத்தம் குறைந்தால் இவை கூட்டமாக வரும், எனவே முதலில் பேட்டரியைச் சரிசெய்து, குறியீட்டை அழித்து, மறுபடி படிக்க வேண்டும். ஓ.பி.டி. இணைப்பில் 16 பின்கள்: 16ஆவது பேட்டரி நேர்முனை, 4ஆவது பாடி எர்த், 6உம் 14உம் கேன் கம்பிகள். பி.எஸ். 6 புகை உமிழ்வு விதி நாடு முழுவதும் வந்தது: 2020 ஏப்ரல் 1.

நிறுத்தி வைத்த வண்டி

• எல்லாம் அணைத்த பிறகும் அலாரம், கடிகாரம், ஈ.சி.யு. நினைவகம் ஆகியவற்றுக்கு 50 மில்லி ஆம்பியர் வரை போகலாம். நாளுக்கு 0.05 × 24 = 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 29 நாள். உண்மையில் செல்ஃப் எடுக்கும் சக்தி அதற்கு வெகு முன்பே போய்விடும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து காரை எடுக்கப் பார்ப்பவர்கள் இதைத்தான் சந்திக்கிறார்கள்.

• டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு: 5 ÷ 12 = 0.42 ஆம்பியர், நாளுக்கு 10 ஆம்பியர்-மணி. மூன்றரை நாளில் காலி. மறந்துவிட்ட இரண்டு 55 வாட் ஹெட்லைட்: 110 ÷ 12 = 9.2 ஆம்பியர், நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். திருமயம் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வருவதற்குள் போதும்.

• கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க: எதிர்முனைக் கேபிளைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் தொடர் இணைப்பாக வைத்து, ஈ.சி.யு. உறங்கும்வரை அரை மணி நேரம் பொறுத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று விழுகிறதோ அந்தச் சுற்றில் பழுது. மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஒரு வரிக் குறிப்புகள்

• ஃபியூஸ் நிறம்: 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. ஃபியூஸ் போன இடத்தில் கம்பி சுற்றுவது வண்டித் தீக்கு நேர்வழி.

• ரிலே முனைகள்: 30 பேட்டரி, 85, 86 சுருள், 87 வெளியீடு. எர்த் 31, சாவி ‘ஆன்’ 15, ஸ்டார்ட்டர் 50.

• ஆம்பியர்-மணி 20 மணி நேரக் கணக்கில்: 35 என்றால் 1.75 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். குளிர் கிராங்க் ஆம்பியர்: மைனஸ் 18 டிகிரியில் 30 வினாடி, 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல். ரிசர்வ் திறன்: 25 ஆம்பியர் வீதம் எடுத்து 10.5 வோல்ட் வரும்வரை ஆகும் நிமிடங்கள்.

• நேர்முனைத் தூண் எதிர்முனையைவிடத் தடிமன். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள காருக்குச் சாதாரண பேட்டரி போடக்கூடாது, ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். தேவை.

பாதுகாப்பு

• கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது எதிர்முனை கடைசியில். ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது என்பதே காரணம்.

• ஜம்ப் வரிசை: இறங்கிய பேட்டரியின் நேர், நல்லதன் நேர், நல்லதன் எதிர், கடைசியாக இறங்கிய வண்டியின் எஞ்சின் உலோகம். கடைசிப் பொறி பேட்டரிக்குத் தள்ளி விழ வேண்டும். காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 விழுக்காடு வரை இருந்தால் வெடிக்கும்.

• எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கேபிளைக் கழற்றி ‘ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா’ என்று பார்க்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. டைனமோ காலத்தில் அது தாங்கியது. இன்று அந்த நொடியில் எழும் மின்னழுத்த ஏற்றம் ஈ.சி.யு.வை எரித்துவிடலாம். மீட்டர் சில நூறு ரூபாய்தான்.

• அமிலம் கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தை மெதுவாக ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• பழைய பேட்டரி: மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 ஆகஸ்ட். 2001 விதிகளுக்குப் பதிலாக வந்தவை. திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துப் புதியதில் விலை குறைத்துக்கொள்ளலாம். வீட்டு ஓரத்தில் உடைத்து அமிலத்தைக் கொட்டினால் ஈயம் மண்ணில் தங்கும். அது முதலில் பாதிப்பது அங்கே விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை.