இரத்த அழுத்தமும் நெடுந்தூரப் பிரயாணமும்

டில்லியிலிருந்து அதிகாலையில் ஆகாய விமானம் ஏறும் ஒருவர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் லடாக்கின் தலைநகரான லேயில் இறங்கிவிடுகிறார். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 220 மீட்டர் உயரத்தில் இருந்தவர், உண்ட சிற்றுண்டி செரிப்பதற்குள் 3,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். பொதிக் குதிரைகளுடன் நாட்கணக்கில் நடந்து இவ்வுயரத்தை எட்டிய முற்கால வணிகர்களின் உடலுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் இருந்தது. விமானப் பிரயாணிக்கு அது கிடைப்பதில்லை. மிகை இரத்த அழுத்தம் உடையவர் இத்தகைய பிரயாணத்தை மேற்கொள்ளலாமா என்பது மருத்துவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா. மருந்தினால் அழுத்தம் கட்டுக்குள் இருக்குமாயின் பெரும்பாலோர் மேற்கொள்ளலாம் என்பதே விடை. அளந்து பாராமலும், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமலும் புறப்படுவதுதான் அபாயத்தை விளைவிக்கிறது.

உயரத்தில் உடல் படும் பாடு

காற்றில் பிராணவாயுவின் விகிதம் மலையிலும் சமவெளியிலும் நூற்றுக்கு 21 பங்கே. உயரம் ஏற ஏறக் குறைவது காற்றின் அழுத்தமாகும். லேயில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்தில் கலக்கும் பிராணவாயு குறைகிறது. கழுத்தில் பெருந்தமனி இரண்டாகப் பிரியுமிடத்தில் அரிசி மணியளவான ஓர் உறுப்பு உண்டு. அது இக்குறையை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கிறது. உடனே மூச்சு விரைகிறது. பரிவு நரம்புகள் தூண்டப்பெற்று இருதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன.

ஆனால் பிராணவாயுக் குறைவு அக்குழாய்களை நேரடியாக விரியச் செய்யும் தன்மையும் உடையது. இவ்விரண்டு எதிர்ச் செயல்களும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் முதற்சில மணி நேரங்களில் இரத்த அழுத்தம் மாறாதிருக்கலாம். பின்னர் நரம்புகளின் கை ஓங்க, சில நாட்களில் அழுத்தம் ஏறுகிறது. வந்திறங்கியதும் ஒரு முறை அளந்து திருப்தியடைவது போதாது என்பது இதனால் விளங்கும். வீட்டில் பயன்படுத்தும் அளவு கருவியையே உடன் கொண்டுசென்று, காலையிலும் மாலையிலும் அளந்து குறித்து வருவது நன்று.

எவரெஸ்ட் சிகரத்தின் அடிவார முகாமில், 5,400 மீட்டர் உயரத்தில், ஆரோக்கியமான தொண்டர்களைக் கொண்டு இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் நடத்திய சோதனையின் முடிவுகள் 2014-ல் வெளியாயின. 24 மணி நேரச் சராசரி அழுத்தத்தில் மேல் எண் சுமார் 14, கீழ் எண் சுமார் 10 மில்லிமீட்டர் பாதரச அளவு உயர்ந்திருந்தது. டெல்மிசார்டான் என்னும் மருந்து 3,400 மீட்டர் வரை அழுத்தத்தைக் குறைத்தது. 5,400 மீட்டரில் அதன் பயன் புலப்படவில்லை. ஊரில் நன்கு வேலை செய்யும் மாத்திரை மலையுச்சியிலும் அவ்வாறே வேலை செய்யும் என்று நம்பிவிட முடியாது. லேயில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வுகொண்ட பின்னரே, 5,300 மீட்டருக்கு மேற்பட்ட கார்டுங் லா கணவாய் போன்ற இடங்களை நினைக்க வேண்டும். மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 110-ஐயோ எட்டியிருப்பவர் பிரயாணத்தையே ஒத்திவைப்பது நலம்.

விமானத்திலும் ஒரு சிறு மலை

மலைப் பக்கமே செல்லாமல் அயல்நாட்டுக்குப் பறப்பவரும் சிறிது உயரத்தை அனுபவித்தே தீர வேண்டும். விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் அதிகப்படியாக 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஒப்பாகவே வைக்கப்படுகிறது. கட்டுப்பாட்டில் உள்ள இரத்த அழுத்தத்துக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. பெட்டியோடு மருந்தும் வேறு ஊருக்குப் போய்விடுவதுதான் அடிக்கடி நேரும் தொல்லை. மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்க; வியாபாரப் பெயர் நாட்டுக்கு நாடு மாறுமாதலால் மருந்தின் பொதுப் பெயர் எழுதிய சீட்டும் வேண்டும். மூக்கடைப்புக்கு உட்கொள்ளும் சூடோஎஃபெட்ரின், வலிக்கு உட்கொள்ளும் ஐபூப்ரோஃபென் ஆகியவை அழுத்தத்தை உயர்த்த வல்லவை. மருந்துக் கடையில் தாமே வாங்கிக்கொள்ள வேண்டாம். வழிப் பயணத்துக்கென்று கட்டிச் செல்லும் ஊறுகாயும் வறுவலும் அவ்விதமே, சுவையில் குறையில்லாவிடினும்.

இன்ஷூரன்ஸ் படிவம்

'தினம் ஒரு மாத்திரைதானே, இது ஒரு நோயா?' என்று எண்ணிப் பிரயாண இன்ஷூரன்ஸ் படிவத்தில் 'இல்லை' என்று எழுதுவோர் பலர். மருத்துவர் கண்டறிந்து சிகிச்சை அளித்துவரும் இரத்த அழுத்தம் முன்னரே உள்ள நோயாகும். அயல்நாட்டில் பக்கவாதம் தாக்கினால், கம்பெனி பழைய மருந்துச் சீட்டுகளைக் கேட்கும். மறைத்தது அப்போது வெளிப்படும், கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம். இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் முழு நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது என்பது சட்டம் நெடுங்காலமாக ஏற்றுள்ள கொள்கை.

சொல்லியவருக்கு அதே சட்டம் துணை நிற்கிறது. 2009-ல் அமெரிக்கா சென்ற ஓர் இந்தியர், தமக்கு நீரிழிவு உண்டு என்று படிவத்தில் தெரிவித்து அயல்நாட்டு மருத்துவ பாலிசி பெற்றிருந்தார். சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே அவருக்கு இருதய நோய் தாக்கிற்று. நோய் முன்னரே இருந்ததென்று கூறிக் கம்பெனி பணம் தர மறுத்தது. தெரிவிக்கப்பட்ட உடல்நிலையை ஆராய்ந்து பாலிசி வழங்கிய பின்னர், அதனையே காரணமாகக் காட்டி மறுக்க இயலாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நீண்ட வழக்கில் அவர் வெல்வதற்கு, அப்படிவத்தில் எழுதியிருந்த ஒரு வரியும் காரணமாயிற்று.

எனினும், அறிவித்த நோய்கள் அனைத்துக்கும் எல்லா பாலிசிகளும் பணம் தருவதில்லை. முன்னரே உள்ள நோய்க்கு உயிராபத்து நேரும்போது மட்டும் உதவுவன உண்டு. மலையேற்றத்தை விலக்குவன உண்டு. பணம் கட்டுமுன் விலக்குகள் உள்ள பக்கத்தைப் படிக்க வேண்டும். உள்நாட்டுப் பிரயாணிக்குத் தம் வழக்கமான மருத்துவ பாலிசி பெரும்பாலும் பயன்படும். முன்னரே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பு 2024-ல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது.

பூர்த்தி செய்த படிவத்தின் நகலையும், கம்பெனியின் உதவித் தொலைபேசி எண்ணையும் மருந்துச் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்க. மருத்துவமனையில் சேர்ந்த செய்தியைக் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டியவர் பெரும்பாலும் உடன் வருபவரே. அவை எந்தப் பையில் உள்ளன என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.