டீசல் எஞ்சினும் புழுதிக் காற்றும்

சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி கிராமம் பாலைவனத்தில் உள்ளதன்று. நெல் விளையும் பூமியே. ஆயினும் சித்திரை, வைகாசி மாதங்களில் அங்கே புழுதி உழவு நடைபெறும்பொழுதும், தை மாதத்தில் அறுவடை யந்திரம் தாளையும் தூசியையும் வாரி இறைக்கும்பொழுதும், டிராக்டரின் எஞ்சின் சுவாசிக்கும் காற்று பாலைவனக் காற்றுக்கு அதிகம் பிற்பட்டதன்று. வெயிலும் புழுதியும் சேர்ந்தால் எஞ்சினின் ஆயுள் எவ்வாறு குறைகிறது என்பதையும், அதைக் காக்கும் வழி எது என்பதையும் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வூர் மண்ணின் குணத்தை முதலில் கவனிக்க வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. மறு ஆண்டில் சுரங்க வேலை தொடங்கியது. நிலக்கரியின் மேல் படிந்து கிடந்தது கடலூர் மணற்கல் என்று சொல்லப்படும் கடினமான மண். அதனைத் தோண்ட வந்த சக்கர வாளி யந்திரங்களின் எஃகுப் பற்கள் தொடக்க ஆண்டுகளில் வெகு சீக்கிரம் தேய்ந்துபோயின. பின்னர் வெடி வைத்து மண்ணைத் தளர்த்திய பிறகே தோண்டும் முறையும், பற்களுக்கு உறுதியான உலோகப் பூச்சும் தேவைப்பட்டன. காரணம், அம்மண்ணில் உள்ள வெள்ளைக்கல் மணல் சாதாரண இரும்பையும் கீறவல்லது. கைக்குள் அடங்காத பருமனுள்ள எஃகுப் பல்லையே தேய்த்த மணல், காற்றோடு சிலிண்டருக்குள் புகுந்தால் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

டீசல் எஞ்சின் தீப்பொறியினால் இயங்குவதன்று. 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் என்பவர் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இந்த எஞ்சினில், காற்று மட்டும் உள்ளே இழுக்கப்பட்டு, மிகவும் அழுத்தப்பட்டு, அந்த அழுத்தத்தினாலேயே கடும் சூடு அடைகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே இந்த எஞ்சினுக்கு எண்ணெயைவிடக் காற்றே பெரும் ஆகாரம். ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குப் பதினாயிரம் லிட்டருக்குக் குறையாத காற்று வேண்டும். அரை லிட்டர் கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்திற்கு 1,500 சுற்று ஓடினால், 750 முறை மூச்சு இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 22,000 லிட்டர் காற்று அதன் வழியே போகிறது. அக்காற்றில் உள்ள புழுதியைத் தடுக்க நிற்பது ஏர் கிளீனர் ஒன்றே. அதுவே எஞ்சினின் மூக்கு.

மூக்கு பழுதானால் நேர்வது யாது? நுண்ணிய மணல் பிஸ்டன் ரிங்கிற்கும் லைனருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்தில் கலந்து, அரம்போல் இரண்டையும் அராவுகிறது. ரிங் தேய்ந்தவுடன் அழுத்தம் கீழே கசிகிறது, காலையில் எஞ்சின் எளிதில் கிளம்புவதில்லை, இழுவை குறைகிறது, மசகெண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகை வருகிறது. அதே மணல் எண்ணெயோடு கீழிறங்கிப் பேரிங்குகளையும் தின்கிறது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் மணலைவிட, கண்ணுக்குத் தெரியாத தூளே அதிகத் தீமை செய்வது. ஏனெனில் அதுவே அந்தச் சிறு இடைவெளிக்குள் நுழையக்கூடியது.

ஆதலால் ஏர் கிளீனரைப் பேணும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். பழைய டிராக்டர்களிலும் நீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்களிலும் எண்ணெய்க் கிண்ணமுள்ள ஏர் கிளீனர் இருக்கும். உள்ளே வரும் காற்று கிண்ணத்திலுள்ள எண்ணெயில் மோதித் திரும்பும்பொழுது தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்கிறது. மிச்சத்தைக் கம்பி வலை பிடிக்கிறது. புழுதிக் காலத்தில் இக்கிண்ணத்தைத் தினந்தோறும் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் குழம்பிச் சேறாகியிருந்தால் கொட்டிவிட்டு, கிண்ணத்தையும் வலையையும் டீசலில் கழுவி, நன்கு வடியவிட்டு, குறியிட்ட அளவு வரை புது எண்ணெய் ஊற்ற வேண்டும். குறிக்குக் கீழே இருந்தால் தூசி தப்பிப் போகும். குறிக்கு மேலே ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி, நிறுத்தவும் முடியாமல் வேகமெடுத்து உடைந்துபோக நேரலாம். இரண்டும் ஆகா.

தற்கால டிராக்டர்களில் உள்ள காகித வடிகட்டியைத் தரையிலோ டயரிலோ ஓங்கித் தட்டுவது பலருக்கு வழக்கம். அது தவறு, காகிதம் கிழியும், ஓரத்து ரப்பர் நசுங்கும். மென்மையான காற்றினால் உட்புறமிருந்து வெளியே ஊத வேண்டும். பின்னர் உள்ளே ஒரு விளக்கைப் பிடித்துப் பார்க்க, ஓரிடத்தில் ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் அதனை மாற்றிவிட வேண்டும். எஞ்சின் ஓடும்பொழுது வடிகட்டியைக் கழற்றலாகாது. வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்போ, தளர்ந்த கிளிப்போ இருந்தால், முன்னே செய்த சுத்தம் அனைத்தும் வீண். புழுதி பின்வாசல் வழியாக நுழைந்துவிடும்.

அடுத்தது வெப்பம். கத்திரி வெயிலில் ரேடியேட்டரின் இடுக்குகளைத் தாளும் தூசியும் அடைத்துக்கொண்டால், எஞ்சின் சூட்டை வெளியேற்ற வழியில்லை. வேலை முடிந்து ஆறிய பிறகு, தூசி வந்த திசைக்கு எதிர்த் திசையிலிருந்து காற்றோ நீரோ மெதுவாகச் செலுத்திக் கழுவ வேண்டும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாகாது. கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பளுவில் ஓடிய எஞ்சினை உடனே நிறுத்தாமல், சில நிமிஷம் பளுவின்றி மெதுவாக ஓடவிட்டு நிறுத்துதல் நல்லது.

எண்ணெய் விஷயத்திலும் புழுதியை மறத்தலாகாது. நாசிலுக்கு எண்ணெய் தள்ளும் பம்பின் இடைவெளி தலைமயிரின் பருமனில் ஒரு சிறு பங்கே; அங்கே தூசிக்கு இடமில்லை. திறந்த கேனும் அழுக்குப் புனலும் விலக்கத்தக்கவை. டீசலை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் தங்கியதை விட்டு மேலெண்ணெயை மட்டும் எடுத்துப் பயன்படுத்துக. மாலையிலேயே டாங்கை நிரப்பிவிட்டால் இரவில் உள்ளே ஈரம் படியாது. மசகெண்ணெயை யந்திரக் கைப்புத்தகம் புழுதிப் பிரதேசத்திற்கென்று குறிக்கும் கெடுவில் மாற்ற வேண்டும். சாதாரணக் கெடு அங்கே பொருந்தாது.

இனிச் சங்கத்தைப் பற்றிய விஷயம். 1904-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் சென்னை மாகாணத்தின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் ஏற்பட்ட காலத்தில் குடியானவன் கடன் வாங்கியது பெரும்பாலும் மாட்டுக்கும் விதைக்கும். இன்று டிராக்டருக்கும் வாங்குகிறான். மாடு நோயுற்றால் தீனி எடுக்காமல் அறிவிக்கும். எஞ்சின் தேய்வது வெளியே தெரியாது. தவணை பாதி நிற்கையில் எஞ்சின் படுத்துவிட்டால், லைனர் பிஸ்டன் செலவுக்கு மறுபடியும் கடன், அல்லது நிலத்தின்மேல் கை. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவி வயல்களில் பயிர் நின்றிருக்கும்பொழுதே மண்வெட்டும் யந்திரங்கள் இறங்கியதை நாடறியும். அத்தகைய ஊரில் மிஞ்சிய நிலத்தைப் பருவத்தில் உழுது முடிப்பதே குடும்பத்தின் ஜீவனம். உழவு நாளில் யந்திரம் நின்றால் பருவம் காத்திராது.

சங்கத்திற்குச் சொந்தமான யந்திரத்தில் அபாயம் இன்னும் அதிகம். பலர் ஓட்டுவர், ஒருவரும் கிண்ணத்தைத் திறந்து பார்ப்பதில்லை. ஆகையால் ஒவ்வொரு யந்திரத்திற்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், வடிகட்டி சுத்தம் செய்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திடச் செய்தல் வேண்டும். வாடகைக்கு எடுப்பவர் அந்த நோட்டைப் பார்த்த பிறகே சாவியைப் பெறுவது என்று தீர்மானித்துக்கொள்ளலாம். வாடகையில் ஒரு பகுதியை வடிகட்டிக்கும் எண்ணெய்க்கும் என்று தனியே ஒதுக்குவதும் உசிதம்.

ஒரு கிண்ண எண்ணெயும் கால் மணி நேர உழைப்பும் சிறு செலவு. அச்செலவை மிச்சப்படுத்த நினைப்பவர் எஞ்சினை இழப்பர். காலையில் எஞ்சினைக் கிளப்புமுன், எண்ணெய் அளவு, ரேடியேட்டர் நீர், ஏர் கிளீனர் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டே கிளப்புவது என்ற ஒரு பழக்கத்தை அங்கத்தினர்கள் கைக்கொண்டால், தவணை தீர்ந்த பிறகும் அந்த எஞ்சின் பல பருவங்கள் அவர்களுக்கு உழைக்கும்.