கோதுமைக்கு இரண்டு பூட்டு

அல்சூர் ஏரிக்கரையில் ஒரு மாலை, தஞ்சாவூர் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். "நெல்லில் குறுவை உண்டு, சம்பா உண்டு. கடைத்தெருவில் சம்பா கோதுமை விற்கிறார்களே, கோதுமையிலும் இப்படிப் பருவபேதம் உண்டோ?" என்றார். கடையில் விற்பது பருவத்தால் பெயர் பெற்றதன்று. உமி இறுகிய வேறோர் இனம். தார்வார்ப் பக்கத்திலும் நீலகிரியிலும் விளைவது. ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. பருவபேதம் கோதுமையிலும் உண்டு. அதை நடத்துபவை ஜீன்கள் எனப்படும் மரபணுக்கள்.

பழைய சம்பா நெல், பகற்பொழுது குறுகும்போது பூக்கும். விதைப்பு முன்பின்னானாலும் பூப்பது ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். குறுவையோ பகலை எண்ணாது; தன் வயதை எண்ணும். கோதுமையின் இயல்பு சம்பாவுக்கு நேர்மாறு. அதற்குப் பகல் நீள வேண்டும். அதுமட்டுமா? ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் விதைக்கும் கோதுமை, சில வாரம் குளிரில் கிடந்தாலன்றிக் கதிர் விடாது. இளங்கதிர் பனியில் கருகாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆக, ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி குளிர். மற்றதன் சாவி நீண்ட பகல்.

குளிர்ப் பூட்டை ஆளும் மரபணுவுக்கு வி.ஆர்.என். 1 என்று பெயர். குளிர் படும்வரை அது உறங்கும். அதன் அமைப்பில் ஒரு துண்டு நீங்கிய சில வகைகளில் உறங்குவதேயில்லை. ரொட்டிக் கோதுமை மூன்று மூதாதையரின் குரோமோசோம்களைச் சுமப்பதால் இம்மரபணு மூன்று படிகளாக உள்ளது. ஒரு படி விழித்திருந்தாலே பூட்டுத் தளர்ந்துவிடும். பகற் பூட்டை ஆள்வது பி.பி.டி. 1. அதன் ஒரு படிக்கு முன்னால் 2,089 எழுத்துகள் நீங்கிய வகை, பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கிறது. கோதுமையின் முழு ஏடு ஏறத்தாழ 1,600 கோடி எழுத்துகள் கொண்டது என்பதை நினைத்தால் வியப்பாக இல்லையா?

மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் காலத்தை மிச்சப்படுத்த ஆண்டுக்கு இரு போகம் பயிரிட்டார். ஒன்று சொனோராச் சமவெளியில், மற்றது தொலூக்கா மேட்டுநிலத்தில். இரண்டிடத்தும் பகலின் நீளம் வேறு. இரண்டிலும் தேறியவற்றையே பொறுக்கியதால் பகற் பூட்டில்லாத வகைகள் தாமே தங்கின. அவர் தேடியது விரைவு. கிடைத்ததோ எந்நாட்டிலும் விளையும் கோதுமை! அவர் 1963இல் இந்தியா வந்தார். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் தில்லியில் அவருடன் ஒத்துழைத்தார். 1966இல் 18,000 டன் மெக்ஸிகோ விதை இறக்குமதியாயிற்று.

நிற்க. 2022 மார்ச்சில் வட இந்தியாவில் வெயில் முந்திக் கொண்டது. 1901 முதல் உள்ள கணக்கில் அவ்வளவு பகல் வெப்பம் எந்த மார்ச்சிலும் இல்லை. பால் பிடிக்கும் கதிர் வாடி மணி சிறுத்தது. மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதியையே தடை செய்தது.

வெயிலுக்குமுன் முற்றவேண்டுமானால் நவம்பருக்குப் பதில் அக்டோபரிலேயே விதைக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பூட்டுத் தளர்ந்த பயிர் அக்டோபர்ச் சூட்டில் தூர்கட்டாமலே அவசரமாகக் கதிர் தள்ளிவிடும். ஆகவே தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார், கழற்றி எறிந்த குளிர்ப் பூட்டையே மென்மையாக்கித் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். எச்.டி. 3385 அத்தகையது. சிறிது குளிர் படும்வரை அது பொறுத்திருந்து தூர்கட்டும். பின்பு கதிர் விட்டு, கடும் வெயிலுக்குமுன் மணி நிரப்பும்.

நம் கருநாடகத்துக்கும் இது உதவுமா என்று நண்பர் விடாமல் கேட்டார். தார்வாரில் குளிர் குறைவு. அங்கே அந்தப் பூட்டு நேரத்தில் திறக்குமென்று நான் நம்பவில்லை.