சரக்கறிவோம்: விமானி ஜாக்கெட்

மளிகையோடு பை, பெல்ட், ரெயின்கோட் என்று ஒரு மூலையில் வைத்து விற்கும் கடைகள் மறைமலை நகரில் நம்மிடையே உண்டு. மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் விரும்பும் ‘பைலட் ஜாக்கெட்’டையும் வைக்கலாமா என்று எண்ணுவோர், பணம் போடுமுன் சரக்கை அறிந்துகொள்வது நல்லது.

மூலம்: வானில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். தரையில் 30 டிகிரி இருந்தாலும் 6,000 மீட்டர் உயரத்தில் உறைபனிக் குளிர்தான். அந்தக் குளிரைத் தாங்கவே விமானிகளுக்குத் தோலுடை தரப்பட்டது. அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931-ல் ஏற்ற ‘ஏ-2’ ஜாக்கெட்டே இன்றைய பல மாதிரிகளுக்கு மூலம். முன்புறம் ஜிப், மூடி வைத்த இரண்டு பைகள், மணிக்கட்டிலும் இடுப்பிலும் பின்னல் பட்டை என்பன அதன் அடையாளம். போர் 1945-ல் முடிந்தது. இன்று சந்தைக்குப் புதிதாக வருவது பெரும்பாலும் அந்தப் பாணியில் தைத்த உடையே.

நம் ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் லெதர் கம்பெனி. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ஆகவே “ஏர்ஃபோர்ஸ் சரக்கு, ஒரிஜினல் லெதர்” என்று சொன்னால் வாடிக்கையாளர் எளிதில் நம்பிவிடுவார். ஆபத்தும் அங்கேதான்.

சோதனை: துவரம்பருப்பில் கேசரிப்பருப்பு கலந்திருந்தால் கண்ணாலேயே பிடித்துவிடுகிறோம். தோலுக்கும் அப்படி வழி உண்டு. உள்தையல் ஓரத்தைப் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல். துணி தெரிந்தால் ரெக்ஸின். உண்மைத் தோலில் மயிர்த்துளைகள் ஒரே சீராக இரா. தோல் தூளை ஒட்டித் தயாரித்த ‘பாண்டட் லெதர்’ என்பதும் உண்டு. அதுவும் ரெக்ஸினும் நம் ஊர்ப் புழுக்கத்தில் சில ஆண்டுகளில் மேற்பூச்சு உரியும்.

பில்: ‘விமானிப் பாணி ஜாக்கெட்’ என்று எழுதி, ஆட்டுத்தோலா, செம்மறித்தோலா, ரெக்ஸினா என்பதையும் குறியுங்கள். தோலுடைக்கான எச்.எஸ்.என். எண் 4203; ரெக்ஸினுக்கு அது பொருந்தாது. தரம், வகை பற்றித் தவறாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வாங்கியவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், “மொத்த வியாபாரி அப்படித்தான் சொன்னார்” என்பது நம்மைக் காக்காது. ஆகவே கொள்முதல் பில்லிலும் தோலின் வகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பாதுகாப்பு: பாலிதீன் உறையில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அகன்ற ஹேங்கரில் மாட்டி, பருத்தித் துணியால் மூடி, காற்றோட்டமாக வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். பூஞ்சணம் கண்டால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். அந்துருண்டை வைப்பதானால் அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு அருகில் வேண்டாம்; வாடை ஏறிவிடும்.

முதல் தடவை நான்கைந்து மட்டும் எடுத்துப் பாருங்கள். ரெக்ஸினை ரெக்ஸின் என்றே சொல்லி விற்றாலும் லாபம் உண்டு. தோல் என்று சொல்லி விற்றால், நாளை அதே வாடிக்கையாளர் நம் பருப்பையும் சந்தேகிப்பார்.