பலசரக்கு மிச்சம் பிடிக்க வருஷக் கணக்கு போடு

மாதம் பிறந்ததும் சம்பளம், சம்பளம் வந்ததும் பலசரக்குச் சிட்டை என்றுதான் நம் பக்கத்தில் பல வீடுகளில் குடும்பம் ஓடுகிறது. மிளகாய்ச் செடிக்கும் புளிய மரத்துக்கும் ஒன்றாம் தேதி தெரியுமா? அவை வருஷத்தில் ஒரு பருவத்தில் காய்க்கும், அந்தப் பருவத்தில் சந்தையில் வந்து குவியும், அப்போது விலை இறங்கும். மற்ற மாதங்களில் நீ வாங்குவது கிட்டங்கி வாடகையும் வியாபாரியின் வட்டியும் ஏறிய சரக்கு. அதனால்தான் சொல்கிறேன் தங்கச்சி, ஒரு தடவை வருஷக் கணக்குப் போட்டுப் பார்.

"அக்கா, எதைக் குறைக்கலாம்?" என்றுதான் புதுக் குடித்தனக்காரிகள் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சாப்பாட்டில் எதையும் குறைக்க வேண்டாம் என்பேன். பருப்பைக் குறைத்து, பிள்ளைக்கு ஊற்றும் பாலைக் குறைத்துப் பிடிக்கிற மிச்சம் ஆஸ்பத்திரி வாசலில் போய்விடும். எப்போது வாங்குகிறோம், எந்த அளவில் வாங்குகிறோம் என்ற இரண்டை மட்டும் மாற்று.

தை பிறந்தால் ஈரோட்டில் புது மஞ்சள் வர ஆரம்பிக்கும். கர்நாடகாவிலும் மகாராஷ்டிராவிலும் துவரை அறுவடையாகிப் புதுப் பருப்பு வருவதும் அதை ஒட்டித்தான். மாசியில் புளி உலுக்குவார்கள். பங்குனிக்குள் ராமநாதபுரத்துக் குண்டு வத்தலும் விளாத்திகுளம் பக்கத்து மல்லியும் மதுரை கீழமாசி வீதிக் கடைகளில் மூட்டை மூட்டையாக இறங்கிவிடும். நெல் அறுத்த வயலில் விதைத்த டெல்டா உளுந்து சித்திரைக்கு வந்துவிடும். இத்தனையையும் ஒரே மாதத்தில் வாங்கப் பணத்துக்கு எங்கே போவேன் என்று கேட்பாய். பருவமே நாலு மாதத்துக்குப் பிரித்துத்தானே தருகிறது. ஆடியிலிருந்து மார்கழி வரை மாதம் 300 ரூபாயைப் பலசரக்குக் காசு என்று தனியாக எடுத்து வைத்தால், தை பிறக்கும்போது 1,800 ரூபாய் கையில் இருக்கும். வத்தலும் புளியும் வாங்க அது நல்ல முதல். பக்கத்து வீடு, எதிர் வீடு என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து மொத்தக் கடையில் வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டால் இன்னும் சல்லிசு.

எவ்வளவு வாங்குவது? உன் வீட்டில் மாதம் எவ்வளவு செலவாகிறது என்று இரண்டு மாதம் குறித்து வை. அதைப் பன்னிரண்டால் பெருக்காதே, பத்தால் பெருக்கு. வருஷக் கடைசியில் வத்தல் நிறம் வெளுத்து, மல்லி வாசனை போய் நிற்கும். அந்த இரண்டு மாதத்துக்குச் சில்லறையாக வாங்கிச் சமாளிப்பதே மேல்.

வத்தல் வாங்கும்போது ஒரு குண்டு வத்தலை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே விதை கலகலவென்று உருளும். சத்தமே கேட்கவில்லை, விரலால் அமுக்கினால் தோல் மாதிரிப் பதிகிறது என்றால் ஈரம் இருக்கிறது. மிளகாய் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறாய். வீட்டுக்கு வந்தபின் பூசணமும் பிடிக்கும். பூசணம் பிடித்ததைத் துடைத்துவிட்டு வறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, அந்த நஞ்சு சமையல் சூட்டில் போகாது, தூக்கிப் போட்டுவிடு. நல்ல வத்தலைக் காம்போடு மொட்டை மாடியில் இரண்டு மூன்று வெயில் காட்டி, சூடு ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வை. காம்பு இருக்கும்வரை வத்தல் கெட்டியாக இருக்கும். அரைக்கும் அன்றைக்குக் கிள்ளினால் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரை. முழுசாக இருக்கும் வத்தல் தாங்கும் அளவுக்குப் பொடி தாங்காது.

மில்லுக்குப் போனால் உனக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொள். சீயக்காய் அரைத்துவிட்டுப் போயிருந்தால் கொஞ்சம் காத்திருந்து வேறு ஒருவர் மிளகாய் அரைத்தபின் போடு. அவர் வீட்டுப் பொடிக்கு நாம் பொறுப்பில்லை! பாக்கெட் சாம்பார்ப் பொடியே வசதி என்பவர்கள், 100 கிராம் பாக்கெட் விலையைப் பத்தால் பெருக்கிக் கிலோ விலையைப் பார்க்கட்டும். சாம்பார்ப் பொடியில் அளவில் கூடுதலாக இருப்பது மல்லி. மல்லி வத்தலைவிட விலை குறைவு. பாக்கெட்டுக்கு நீ கொடுப்பது என்ன விலை என்று அப்போது தெரியும்.

புளியில் கொட்டை எடுத்தது, எடுக்காதது என்று இரண்டு விலை சொல்வார்கள். கொட்டைப் புளி விலை குறைவாகத் தெரியும், ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்கு கொட்டைக்கே போய்விடும். ஆகவே கொட்டைப் புளியின் விலை, சுத்தம் செய்த புளியின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இருந்தால்தான் லாபம், அதுவும் உட்கார்ந்து தட்டி எடுக்க உனக்கு நேரம் இருந்தால். வேலைக்குப் போகிறவள் என்றால் சுத்தம் செய்த புளியே வாங்கு, உன் ஞாயிற்றுக்கிழமைக்கும் விலை உண்டு. நாரும் கோதும் நீக்கி, ஒரு வெயில் காட்டி, இடையிடையே கல் உப்புத் தூவி ஜாடியிலோ மண்பானையிலோ அமுக்கி வை. அலுமினியம், பித்தளை ஆகாது.

அரிசி மட்டும் இந்த அறுவடைக் கணக்கில் சேராது. தை அறுவடையில் மலிவாக வரும் புது அரிசி குழையும், சோறு காணாது. ஒரு வருஷம் கிடந்த பழைய அரிசி கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல் என்றாலும் தண்ணீரை நன்றாக வாங்கி உபரியாகக் காணும். மூட்டை 26 கிலோ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். 2022 ஜூலையில் லேபிள் ஒட்டி அடைத்த அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள், 25 கிலோவைத் தாண்டிய மூட்டைக்கு அது கிடையாது. அதனால் மில்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள். கிலோ 60 ரூபாய் அரிசி என்றால் 25 கிலோவுக்கு வரி மட்டும் 75 ரூபாய், ஒரு கிலோ அரிசிக்கு மேல். சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து கிலோ, பத்து கிலோ பையாக வாங்குகிறவர்கள் அந்த வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாலைந்து பேர் இருக்கும் வீடு என்றால் மூட்டை எடு. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், அதிலும் மத்தியானம் இருவரும் ஆபீசில் என்றால், கடையில் சில்லறையாக அளந்து தரும் அரிசிக்கும் அந்த வரி இல்லை, அதை வாங்கு. வண்டு விழுந்தபின் புடைத்துக்கொண்டு உட்காருவதில் மிச்சம் எதுவும் இல்லை. மூட்டையில் வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் போட்டு வைக்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் அடியில் பலகை போட்டுத் தரை ஈரம் ஏறாமல் வைப்பதுதான் முக்கியம்.

அடைத்து விற்கும் எதை எடுத்தாலும் பின்னால் திருப்பிப் பார். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் 'யூனிட் விலை' என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு எவ்வளவு, கூடினால் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். எண்ணெயில்தான் இது நன்றாகக் கைகொடுக்கும். பார்த்தால் ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு கவரில் ஒன்று முழு லிட்டராக இருக்கும், இன்னொன்று 850 மில்லியாக இருக்கும். செக்கில் கிலோக் கணக்கில் ஊற்றிக் கொடுத்தால் இன்னொரு கணக்கும் வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம்தான். அதனால் கிலோ விலையையும் லிட்டர் விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று நிறுத்திக்கொள். இதயத்துக்கும் அதுதான் நல்லது.

பெரிய பாட்டில் என்றாலே மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதே. ஷாம்பூவில் பல பிராண்டுகளுக்குச் சின்ன பாக்கெட்டில்தான் மில்லிக் கணக்குக் குறைவாக வரும். பிஸ்கெட்டில் விலை பத்து ரூபாயாகவே நிற்கும், எடை சத்தமில்லாமல் இறங்கும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் முதலில் காலாவதித் தேதியைப் பார். கொத்தமல்லிக் கட்டு ஒன்றுக்காகப் பத்து நிமிட டெலிவரி ஆப்பைத் திறக்கிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

ஆவின் பாலில் நீலக் கவரில் 3 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. காபிக்கும் தயிருக்கும் பச்சை தாராளம், ஆரஞ்சு வாங்கித் தண்ணீர் கலக்குவதற்குப் பச்சையையே வாங்கிவிடலாம். மாதாந்திர அட்டை போடும் வசதி உன் ஊரில் இருந்தால் போட்டுவிடு, கடை விலையைவிடக் குறைவு.

காய்கறிக்கு உழவர் சந்தைதான். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் முதல் சந்தையைத் திறந்தார்கள். வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக வரும்படி அதிகாரிகள் தினமும் காலையில் விலை போட்டுப் பலகையில் எழுதுவார்கள். போனதும் கடையைப் பார்க்காதே, பலகையைப் படி. வாரத்துக்கு ஒரு நாள் விடியற்காலையில் போனால் போதும். என்ன சமைப்பது என்று வீட்டில் முடிவு கட்டிக்கொண்டு போகாதே. எது குவிந்து கிடக்கிறதோ அதை வைத்துச் சமையலை முடிவு செய். வெண்டைக்காய் இறங்கிய வாரம் வெண்டைக்காய், முருங்கை இறங்கிய வாரம் முருங்கை. பொங்கல், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும் அந்தப் பக்கம் போகாதே. பூசணியும் சர்க்கரைவள்ளியும் நாலு நாள் முன்னாலேயே வாங்கி வைத்தாலும் கெடாது.

சித்திரை வெயிலில் கொத்தவரங்காய், சுண்டைக்காய், கத்தரிக்காய், மாங்காய் மலிந்திருக்கும்போது உப்புப் போட்டு வற்றல் போட்டுவிடு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தக்காளி விலை ஏறி நிற்கும்போது வற்றல் குழம்புக்குத் தக்காளியே வேண்டாம்.

கவிச்சி சாப்பிடுகிறவர்களுக்கும் பருவம் உண்டு. புரட்டாசியில் ஊரே விரதம் இருப்பதால் கோழியும் முட்டையும் இறங்கும். நாமக்கல் முட்டை விலை தினமும் செய்தியில் வருகிறது, அதோடு உன் தெருக் கடை விலையை ஒப்பிட்டுப் பார், அட்டையாக வாங்கினால் பேசலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாளில் வஞ்சிரம் கேட்டு நிற்காதே. மாசியிலேயே நல்ல கருவாடு வாங்கி வை. மற்ற நாளிலும் மத்தியும் நெத்திலியும் விலையில்தான் குறைவு, சத்தில் இல்லை.

கடைசியாக ரேஷன். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கார்டை அலமாரியில் வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் அந்தப் பருப்பு நூறு ரூபாய்க்கு மேல். இதில் கூச்சத்துக்கு என்ன இருக்கிறது? மாதம் ஒரு பருப்பு, ஒரு எண்ணெய் வாங்கினாலே வருஷத்தில் ஆயிரத்துக்குக் குறையாமல் நிற்கும். அரிசி கார்டு என்றால் புழுங்கல் அரிசியை மூன்று பங்குக்கு ஒரு பங்கு இட்லி அரிசி என்று கலந்து ஊறப்போடு, தோசை முறுகலாக வரும். பாக்கெட் மாவு வாங்கும் காசு அப்படியே மிச்சம். உளுந்து மட்டும் தோல் நீக்கிய முழு உளுந்தாக, அந்த வருஷத்துப் புதுசாக இருக்கட்டும், பழைய உளுந்து பொங்காது.

ரேஷனில் பில் போட்டதும் கார்டில் பதிந்த போனுக்கு மெசேஜ் வரும். வாங்காத சாமானை வாங்கியதாகக் காட்டுகிறதா என்று கடை வாசலில் நிற்கும்போதே படித்துப் பார். பழைய நம்பரைக் கொடுத்திருந்தால் முதலில் அதை மாற்று. தப்பாக இருந்தால் அங்கேயே கேள், சரியான பதில் இல்லையென்றால் 1967க்குப் போன் போடு, அதற்குக் காசு கிடையாது.