டிட்லிவிக்கியில் படங்களை உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா?

ஜெரெமி ரஸ்டன் 2004இல் உருவாக்கிய டிட்லிவிக்கியில் குறிப்புகள், தேடல் வசதி, திருத்தும் கருவி என எல்லாமே ஒரே ஹெச்டிஎம்எல் கோப்புக்குள் அடங்கிவிடும். ஒரு படத்தை இழுத்து அதில் போட்டால், வழக்கமாக அதுவும் அந்தக் கோப்புக்குள்ளேயே போய்விடும். இது பொதித்தல். படத்தைத் தனிக் கோப்பாக வெளியே விட்டு, அது இருக்கும் இடத்தை மட்டும் விக்கியில் குறிப்பது இணைத்தல். புகைப்படங்களையும் ஸ்கேன்களையும் இணைக்கத்தான் வேண்டும் என்பது என் முடிவு. ஹெச்டிஎம்எல் ஓர் எழுத்துக் கோப்பு. அதில் ஜேபெக் படம் நுழைய வேண்டுமானால் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற வேண்டும். 3 பைட்டுக்கு 4 எழுத்து ஆகும். 3 எம்பி படம் 4 எம்பி ஆகிறது, அப்படி 50 படங்கள் சேர்ந்தால் 200 எம்பி. பருமனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தாலும் அந்த 200 எம்பியும் முழுதாக மறுபடி எழுதப்படுகிறது. பத்து பழைய பிரதிகளை பேக்கப்பாக வைத்திருந்தால் 2 ஜிபி. அன்றாடம் மாறுவது எழுத்து. படமோ ஒருமுறை வைத்தால் பெரும்பாலும் மாறுவதே இல்லை. மாறாததை மாறுவதோடு கட்டிப்போடுவதில்தான் சிக்கல்.

ஒரே கோப்பாக இருப்பதுதானே இதன் சிறப்பு, படத்தை வெளியே எடுத்தால் என்றாவது இணைப்பு அறுந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விக்கியையும் படங்களையும் ஒரே கோப்புறையில் வைத்து, எடுத்துப்போகும்போதும் பேக்கப் எடுக்கும்போதும் அந்தக் கோப்புறையையே முழுதாகக் கையாண்டால் இணைப்பு அறாது. உண்மையில் அறுபவை வேறு இரண்டு: இணையத்தில் யாரோ வைத்திருக்கும் படத்தின் முகவரிக்குத் தரும் இணைப்பும், சி டிரைவில் தொடங்கும் முழுப் பாதையும். முதலாவது அந்தத் தளத்தோடு மறையும். இரண்டாவது அடுத்த கணினியில் செல்லாது. செல்பேசியில் மட்டுமே விக்கியைத் திறப்பவர்களுக்கு நிலைமை வேறு. சில செயலிகள் அந்த ஒரு கோப்பைத் தாண்டி எதையும் பார்க்கா. அவர்கள் படத்தைச் சுருக்கிப் பொதித்துக்கொள்வதே சரி. 50 கேபிக்குக் குறைந்த சின்னங்களையும், எழுத்தாகவே சேமிக்கப்படும் எஸ்விஜி கோட்டுப்படங்களையும் எல்லோருமே தயங்காமல் பொதிக்கலாம்.

இனி செய்முறை. முதலில் விக்கி இருக்கும் கோப்புறைக்குள் படங்களுக்கென ஒரு துணைக் கோப்புறையைத் தொடங்குங்கள். படக் கோப்புகளின் பெயரில் இடைவெளி வேண்டாம். ஆங்கிலப் பெயரானால் எல்லாம் சிற்றெழுத்தில் இருக்கட்டும். பெரிய எழுத்தும் சிற்றெழுத்தும் விண்டோஸுக்குப் பொதுவாக ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டும் வேறு. பிறகு விக்கியில் புதிய டிட்லர் (விக்கியின் ஒவ்வொரு குறிப்புக்கும் உள்ள பெயர்) ஒன்றைத் தொடங்கிப் படத்தின் பெயரைத் தலைப்பாக இடுங்கள். வகை என்ற இடத்தில் ஜேபெக் அல்லது பிஎன்ஜி என்பதைத் தேர்ந்தெடுத்து, 'கனானிக்கல் யூஆர்ஐ' என்ற ஃபீல்டைச் சேருங்கள். அந்தப் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும், இரு சொற்களுக்கு நடுவிலும் ஓர் அடிக்கோடு வரும். அதில் துணைக் கோப்புறையின் பெயர், ஒரு சாய்கோடு, கோப்பின் பெயர் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். குறிப்புகளில் படத்தை அழைக்கும்போது கோப்பின் பாதையைத் தராமல் இந்த டிட்லரின் தலைப்பையே தாருங்கள். இந்தப் பழக்கத்தை நான் மிகவும் வற்புறுத்துவேன். நாளை படத்தை வேறிடத்துக்கு மாற்றினாலும், இணைத்ததைப் பொதிக்க நினைத்தாலும், திருத்த வேண்டியது ஒரே ஒரு டிட்லர்தான். அதை அழைக்கும் நூறு குறிப்புகள் அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே பொதித்த படங்களையும் இதே வழியில் வெளியே எடுக்கலாம். விக்கிக்கு ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு, படத்தின் மேல் வலச்சொடுக்கி அதைத் துணைக் கோப்புறையில் சேமியுங்கள். பழைய டிட்லரின் குறிச்சொற்களைக் குறித்துக்கொண்டு அதை நீக்கி, அதே தலைப்பில் மேலே சொன்னபடி புதியதை உருவாக்குங்கள். ஃபீல்டை மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. டிட்லருக்குள் பழைய படத்தரவு இருக்கும்வரை கோப்பு இளைக்காது. கடைசியாக, முழுக் கோப்புறையையும் வேறொரு கணினியில் நகலெடுத்துத் திறந்து பாருங்கள். அதே கணினியில் சோதித்தால், தவறுதலாகப் புகுந்த முழுப் பாதைகள் பழைய இடத்திலிருந்தே படத்தை எடுத்துக் காட்டிவிடும், பிழை தெரியாது.