பாறை இடுக்கில் ஒளி

நுழையும்முன்
ஒளியைப் படம்பிடிக்க, அது வரும் வழியை அறிதல் வேண்டும். நிற்கும் நிலத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் உள்ளது ஆன்டிலோப் பள்ளத்தாக்கு. பாலையில் எப்போதோ பெய்யும் பெருமழையின் வெள்ளம் மணற்பாறையை அரித்து உருவாக்கிய குறுகிய இடுக்கு இது. இதன் மேற்பகுதிக்கு அம்மக்கள் வழங்கும் பெயர், 'பாறைகளினூடே நீர் ஓடும் இடம்' எனப் பொருள்படும்.

இவ்விடுக்கினுள் வெயில் நேராக விழுவது அரிது. மேல்விளிம்பில் படும் ஒளி, எதிரெதிர்ச் சுவர்களில் மாறி மாறிப் பட்டுக் கீழிறங்குகிறது. செந்நிறப் பாறையைத் தொட்டு மீளுந்தோறும் அதன் செம்மை மிகுகிறது. கோடை நண்பகலில் மேற்பகுதியின் தரையை ஒளிக்கற்றை தொடும். காற்றில் மிதக்கும் தூசியே அதனைக் கண்ணுக்குப் புலப்படுத்தும்.

அடியில் ஒளி குறைவாதலால், முன்னர்க் கேமராவை முக்காலியில் அசையாது நிறுத்திச் சில நொடிகள் ஒளியை உள்வாங்கச் செய்தனர். பாறையோடு வானமும் படத்தில் இடம்பெறின், அது வெறும் வெண்திட்டாகவே பதியும்; எனவே அதனைத் தவிர்ப்பர்.

எனினும், வானத்தை மனம் மறத்தலாகாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் கீழ்ப்பகுதிக்குள் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகளின் உயிரைக் கவர்ந்தது. பாறையைச் செதுக்கிய நீர் இன்னும் அவ்வழியே வருகிறது. ஆதலின், இன்று வழிகாட்டியின் துணையோடு மட்டுமே உள்ளே செல்ல இயலும்.